சிவப்பு ஐசி, இரண்டு டிக்கெட், சிங்கப்பூரில் நாலே முக்கால் மணி நேரம்

செப்டம்பர் 13, சனிக்கிழமை, காலை 7.35. ஈப்போ விமான நிலையம். ஆட்கள் இரண்டு: நானும் அம்மாவும். டிக்கெட் தலைக்கு இரண்டு. கைப்பை இரண்டு, தலா ஏழு கிலோ. சரக்குப் பெட்டி பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

இடையில் இறங்கி விமானம் மாறும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்று இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. முக்கால்வாசி உபயோகமில்லை. எல்லாம் "உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஆரம்பிக்கின்றன. தேர்ந்தெடுக்க நாடு இல்லாத ஆள் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. பேரா மாநிலத்தில் எத்தனை வீட்டில் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை, இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர்கள் யாராவது படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பாதி உபயோகப்படும்.

முதலில் பயணத்துக்குக் காரணம். என் அக்கா பெர்த்தில் இருக்கிறாள். அத்தான் அங்கே இரும்புச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன்; இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு. மூத்த பையன் கவினுக்கு ஆறு வயது. அவன் பிறந்தபோது அம்மாவின் விசா முடிவு வருவதற்குள் குழந்தைக்கு நாற்பது நாள் தாண்டிவிட்டது. அத்தான் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டார். அக்கா தனியாக அறுவைச் சிகிச்சைக்குப் போனாள். அதைப் பற்றி இன்றைக்கும் அவள் பேசமாட்டாள். இரண்டாவது குழந்தைக்கு செப்டம்பர் 15, திங்கட்கிழமை காலை அறுவைச் சிகிச்சை என்று தேதி கொடுத்திருந்தார்கள். அத்தான் விடுப்பு எடுத்துவிட்டார். ஆனால் கவினைப் பார்த்துக்கொள்ள அங்கே உறவு என்று யாரும் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் அத்தான் அக்காவோடு உள்ளே போகலாம். சேராவிட்டால் அவர் பையனோடு வீட்டில் இருக்க வேண்டும், அக்கா மறுபடியும் தனி. கணக்கு அவ்வளவுதான்.

டிக்கெட் போட்டது அத்தான். கோலாலம்பூர் போய் ஏறினால் நேரடி விமானம் உண்டு. ஆனால் ஈப்போவிலிருந்து அந்த விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம், அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. எங்கள் வீடு குனோங் ராபாட்டில். அங்கிருந்து ஈப்போ விமான நிலையம் கிராப் வாடகைக் காரில் பன்னிரண்டு நிமிடம், 11 ரிங்கிட். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு மலிவு விமானம், தலைக்கு 160 ரிங்கிட். அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் பெர்த், தலைக்கு 640. காலை 10.05 புறப்பாடு, 11.35க்குச் சிங்கப்பூர், மாலை 4.20க்கு அடுத்த விமானம், இரவு 9.25க்குப் பெர்த். மூன்று ஊருக்கும் ஒரே கடிகாரம், நேரத்தை மாற்றிக் குழம்பத் தேவையில்லை. திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பயணி நீலநிற ஐசிக்காரராக, அதாவது குடிமகனாக இருக்கும் வரைக்கும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். இணையத்தில் செக்-இன் செய்து இருக்கை எடுப்பதுதான் நோக்கம். அம்மாவின் ஆவணத்தைப் படம் எடுத்து ஏற்றினேன். ஏற்க மறுத்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி மறுத்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கைத் திருப்பினேன். மூன்றாவது தடவைதான் திரையைப் படித்தேன். டிக்கெட்டில் 'குடியுரிமை: மலேசியா' என்று இருந்தது.

அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பிறப்பைப் போய்ப் பதிய வேண்டிய நேரத்தில் தாத்தா பதியவில்லை. அடுத்துப் பிறந்த இரண்டு மாமாக்களுக்கும் பதிந்தார், அவர்கள் குடிமக்கள். அம்மாவுக்கு மட்டும் சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசி. வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. குடியுரிமைக்கு மூன்று தடவை விண்ணப்பித்தாயிற்று. மூன்று தடவையும் காரணம் சொல்லாத ஒரு பக்கப் பதில். கடப்பிதழுக்குப் பதிலாக அவரிடம் இருப்பது குடிநுழைவு இலாகா கொடுத்த அடையாளச் சான்றிதழ் என்ற சிறு புத்தகம். அதில் ஆஸ்திரேலிய விசா வாங்க இந்தத் தடவை ஐந்து மாதம் பிடித்தது.

இதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஞாபகம் இருக்காது. தேர்தல் நாளில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்போம், அம்மா வெளியே காரில் உட்கார்ந்திருப்பார், பிறகு எல்லாரும் சேர்ந்து காலைப் பசியாறப் போவோம். அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. அத்தானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், சுங்கை சிப்புட்ல பொறந்தவங்களுக்கு மலேசியான்னு போடாம வேற என்னாத்த போடுறது?" என்றார்.

கோபப்பட முடியவில்லை. நான் போட்டிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

பக்கத்திலிருந்து அக்காவின் குரல். "டேய், இத அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

"ஸ்பீக்கர்ல இருக்கு. அம்மா இங்கதான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்காங்க."

"என்னா இப்ப, விசாதான் இருக்குல்ல?" என்றார் அம்மா.

"பெர்த்துக்கு இருக்கும்மா. சிங்கப்பூருக்கு இல்ல."

"சிங்கப்பூருக்கு யாரு போறா?"

நல்ல கேள்வி. விளக்கத்தை உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

விமானம் மாறுவது இரண்டு வகை. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் இருந்தால் பெட்டி தானாக மாறும். நீங்கள் குடிநுழைவு முகப்பைத் தாண்டாமல், பயணிகள் பகுதிக்குள்ளேயே ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடந்தால் போதும். பல நாடுகளில் இதற்கு விசா கேட்பதில்லை. சில நாடுகளில் இதற்கும் கேட்பார்கள். இரண்டாவது வகை எங்களுடையது: தனித்தனி டிக்கெட். முதல் நிறுவனம் உங்களையும் பெட்டியையும் இடையில் இறக்கிவிட்டுக் கையைக் கழுவிவிடும். பெட்டியை எடுக்க நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி முதலிலிருந்து செக்-இன் செய்ய வேண்டும். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் கைரேகையை வைத்துவிட்டு நடந்துவிடலாம். அம்மாவின் புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது. விசா தேவைப்படும் ஆவணங்கள், தேவைப்படாத ஆவணங்கள் என்று நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். நான் தொழிற்சாலையில் தானியங்கி இயந்திரங்களுக்கு நிரல் எழுதுபவன். ஓர் உற்பத்தி லைன் நின்றால் எங்கே நின்றது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் வேலை. அதையே இங்கும் செய்தேன்.

முதலில் சிங்கப்பூர்த் தூதரகத்துக்கு அழைத்தேன். இந்த மாதிரி ஆவணத்துக்கு முன்கூட்டி விண்ணப்பித்துப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது, அதற்குச் சில வேலை நாள் ஆகும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நாளைக்குப் பயணம் வைத்துக்கொண்டு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்தது கோலாலம்பூர் நேரடி விமானம். பள்ளி விடுமுறை ஆரம்பம். செவ்வாய்க்கிழமைக்குத்தான் இடம், தலைக்கு 1,900 ரிங்கிட். விலையை விடுங்கள், செவ்வாய்க்கிழமை போய் என்ன செய்வது?

மிச்சம் ஒரே வழி. பெட்டி இல்லாமல் போவது. பெட்டி இல்லை என்றால் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டியதில்லை. உள்ளேயே இருக்கும் இணைப்பு முகப்பில் இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸை வாங்கிவிடலாம். ஆனால் இரண்டாவது நிறுவனத்தின் செயலி, ஆவணத்தை ஆள் பார்த்துச் சரி சொன்னால்தான் பாஸ் தருவேன் என்றது. முதல் நிறுவனமோ, இரண்டாவது பாஸ் கையில் இருந்தால்தான் ஈப்போவில் ஏற்றுவோம் என்றது. இரண்டு இயந்திரம் ஒன்றின் சிக்னலுக்காக இன்னொன்று காத்திருந்தால் லைன் நாள் முழுக்க அப்படியேதான் நிற்கும். வெளியிலிருந்து ஓர் ஆள் கை வைத்தால்தான் நகரும்.

அந்த ஆளைத் தேடி மத்தியானம் விமான நிலையத்துக்கே போனேன். விமானம் எதுவும் இல்லாத நேரம், முகப்பில் ஒரே ஒரு பெண்மணி. பெயர் ரொஹானா. மலாயில் அக்காவைக் கக் என்போம், அதனால் கக் ரொஹானா. நாங்கள் பேசியது மலாயில், தமிழில் தருகிறேன்.

"பாஸ் இல்லாம ஏத்த முடியாது தம்பி. அங்கேயிருந்து திருப்பி அனுப்பினா கம்பெனிக்கு அபராதம். யாரு ஏத்தினதுன்னு கேட்டா என் பேருதான் வரும்" என்றார்.

"பாஸ் இணைப்பு முகப்புல குடுப்பாங்க கக். ஆனா அதுக்கு நாங்க அங்க போய்ச் சேரணுமே?"

"யாரு சொன்னா குடுப்பாங்கன்னு?"

"வெப்சைட்டுல போட்டிருக்கு."

"வெப்சைட்டுக்கா அபராதம் போடுவாங்க?" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த நிறுவனத்துகிட்ட எழுதி வாங்கிட்டு வா. இவங்க பேரு, புத்தகத்தோட நம்பரு, பெட்டி இல்ல, பாஸ் அங்க குடுப்போம். இவ்வளவும் இருக்கணும். போன்ல சொன்னாங்கன்னு வந்து நிக்காத. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான்தான் இங்க இருப்பேன்."

மடிக்கணினியைக் காரிலேயே திறந்து உட்கார்ந்தேன். இரண்டாவது நிறுவனத்தின் இணைய உரையாடலில் முதல் ஆள் ஒரே பதிலை மூன்று தடவை ஒட்டினார். அதை மூடிவிட்டேன். இரண்டாவது ஆள் பாதியில் காணாமல் போனார். மூன்றாவதாக ஜாய்ஸ் என்று ஒருவர் வந்தார். எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது. முதல் கேள்வியே, "பயணியின் விசாக் கடிதத்தில் குடியுரிமை என்று என்ன எழுதியிருக்கிறது?" என்பதுதான். நாடற்றவர் என்று இருக்கிறது என்றேன். டிக்கெட்டில் மலேசியா என்று இருப்பதை முதலில் மாற்ற வேண்டும், புத்தகத்தையும் விசாக் கடிதத்தையும் மலேசியா திரும்பிவர வாங்கிய அனுமதியையும் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். ஐந்து மணிக்குக் கொஞ்சம் பிறகு மின்னஞ்சல் வந்தது. கக் ரொஹானா கேட்ட எல்லாமும் அதில் இருந்தது. கடைசியில், "உங்கள் அம்மாவுக்கு நல்ல பயணமாக அமையட்டும்" என்று ஒரு வரி. அது வார்ப்புருவில் இருக்கும் வரியாக இருக்கலாம். எனக்குக் கவலையில்லை, நன்றி ஜாய்ஸ்.

இனி பெட்டி.

அம்மா அந்தப் பெட்டியை மூன்று வாரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கான சாமான் மொத்தமும் அதற்குள் இருந்தது. சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம், இடித்து வைத்த மருந்துப் பொடி, இரண்டு போத்தல் நல்லெண்ணெய், சுறாக் கருவாடு. இருபத்து மூன்று கிலோவுக்குப் பணமும் கட்டியாயிற்று. அது திரும்ப வராது. பெட்டியை நான் எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சுற்றி வரலாம், அம்மா உள்ளே காத்திருக்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். எனக்கு மலேசியக் கடப்பிதழ், தடை இல்லை. ஆனால் அம்மாவின் பாஸுக்கு முகப்பில் ஏதாவது கேள்வி வந்தால் பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் போனால், பக்கத்து வீட்டு மேரி அக்கா தரையில் உட்கார்ந்து தராசு பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டி காலி. நான் காரிலிருந்து அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு அம்மாவே கொட்டிவிட்டிருக்கிறார்.

"பெட்டிக்காகத்தான் பிரச்சினைன்னா பெட்டி எதுக்கு?" என்றார் அம்மா.

"அக்கா, அந்தக் கருவாட்ட எனக்குக் குடுத்துடுங்க. பிளேன்ல நாறினா பைலட்டு எறங்கிப் போயிடுவாரு" என்றார் மேரி அக்கா.

"எடுத்துக்க. எண்ணெயயும் எடுத்துக்க. உன் மருமகளுக்கு ஆகும்."

"என் மருமக தலைக்கு எண்ணெய் வைக்கிறதா? அவ முடிய நேரா ஆக்க முந்நூறு வெள்ளி குடுத்துட்டு வந்திருக்கா."

பொடியை மட்டும் அம்மா கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆஸ்திரேலியாவில் உணவுச் சாமான் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், வீட்டில் இடித்த பொடியை அநேகமாகக் குப்பையில் போடுவார்கள் என்று சொன்னேன். பச்சையாகத்தான் சொன்னேன், எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. மேரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த ஊர்ல மிளகு, சுக்கு கெடைக்குமா?" என்றார் அம்மா.

"இந்தியக் கடை இருக்கும்மா. பாக்கெட்டுல இருக்கும்."

"அப்ப அங்க போயி இடிச்சிக்கிறேன். உரல் இருக்குமான்னு கேளு."

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். உரல் இல்லை, மிக்ஸி இருக்கிறது என்று பதில் வந்தது. அம்மாவின் ஏழு கிலோவில் கடைசியாகப் போனது இரண்டு சேலை, மாத்திரைகள், கவினுக்கு ஒரு சட்டை, பிள்ளைக்குப் போர்த்த மெல்லிய பழைய பருத்தி வேட்டித் துண்டுகள். தராசு 6.8 காட்டியது.

சனிக்கிழமைக்கு வருவோம். கக் ரொஹானா சொன்னபடியே இருந்தார். மின்னஞ்சலை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதை முழுக்க வாசித்தார், புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிட்டார், கணினியில் அடித்தார். திரையில் சிவப்பு. அனுமதி இல்லை. இரண்டாவது நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகத்துக்கு அழைத்தார், அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. தன் மேலாளருக்கு அழைத்தார். ஐந்து நிமிடம் பேசினார், பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் வேண்டுமென்றே பெருமூச்சு விட்டார். வேறு நாளாக இருந்தால் அந்த ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

"என்னா சொல்றாங்க?" என்றேன்.

"என்னையே முடிவு பண்ணச் சொல்றாரு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "மக்சிக், எங்க பொறந்தீங்க?" என்றார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை.

"சுங்கை சிப்புட்" என்றார் அம்மா.

கக் ரொஹானா புத்தகத்தை மறுபடி திறந்து பார்த்தார். "நானும் சுங்கை சிப்புட்தான்" என்றார். "எந்தப் பக்கம்?"

அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது இப்போது வீடமைப்புப் பகுதி, தன் அண்ணன் அங்கேதான் வீடு வாங்கியிருக்கிறார் என்று கக் ரொஹானா சொன்னார். சந்தைக்குப் பக்கத்தில் மீன் விற்ற ஒரு கிழவரை இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. மின்னஞ்சலில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார், பிரதி எடுத்துக்கொண்டார், கணினியில் தன் குறிப்பை ஏற்றினார். சிவப்பு போனது. பாஸ் வந்தது.

"சிங்கப்பூர்ல எறங்கினதும் வெளிய போற போர்டு பக்கம் போகவே கூடாது. வாசல்ல ஓர் ஆள நிக்கச் சொல்லியிருக்கேன். மக்சிக், நல்லபடியா போயிட்டு வாங்க."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மலாயில் நன்றி சொன்னேன், தெரிமா காசி என்று. வரிசை நகர வேண்டியிருந்தது.

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. சுண்ணாம்புக் குன்றுகள் மேகத்தோடு கலந்து மறையும் வரை அம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. சிங்கப்பூரில் வாசலில் ஓர் இளம்பெண் அம்மாவின் பெயரை எழுதிய தாளோடு நின்றாள். இணைப்பு முகப்பு வரைக்கும் கூட்டிப்போய்விட்டாள், அம்மாவின் நடைக்குப் பத்து நிமிடம். இரண்டாவது நிறுவனத்தின் முகப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால்தான் திறக்கும் என்றார்கள். அதாவது 1.20. அதுவரைக்கும் கம்பளம் விரித்த கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தேநீர் இரண்டு, ஆறு சிங்கப்பூர் வெள்ளிக்குப் பக்கம். அட்டையில் கட்டலாம்.

"இது சிங்கப்பூரா?" என்றார் அம்மா.

"சிங்கப்பூர்தான். ஆனா நம்ம இன்னும் சிங்கப்பூருக்குள்ள வரல."

"மலேசியாவ விட்டு வந்தாச்சுல்ல?"

"வந்தாச்சு."

"அப்ப இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?"

"எந்த நாட்டுலயும் இல்லம்மா."

அம்மா தேநீரைக் குடித்தார். "அப்ப எனக்குச் சரியான எடந்தான்லா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எதிரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

முகப்பில் இருந்தவர் சிங்கப்பூர்த் தமிழர், நாற்பது வயது இருக்கும். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி ஒன்றை இதற்குமுன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன் என்றார்.

"ஆண்ட்டி, நேஷனாலிட்டி என்னான்னு போட?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"அண்ணே, புத்தகத்துல படம் இருக்கற பக்கத்துக்கு அடியில ரெண்டு வரி இருக்கு பாருங்க. அதுல இருக்கற மூணு எழுத்த அப்படியே அடிங்க. விசாக் கடிதத்துலயும் அதுதான்" என்றேன்.

"எக்ஸ், எக்ஸ், ஏ. சரி." நாடற்றவருக்கான அந்தக் குறியீட்டை அடித்தார். காத்திருந்தோம். ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும். அவர் விரலால் மேசையைத் தட்டினார். நானும் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வழக்கமாக இருபது வினாடி என்றார். அன்றைக்கு நான்கு நிமிடம் எடுத்தது.

"யாரப் பாக்கப் போறீங்க ஆண்ட்டி?"

"மகளப் பாக்க. நாளான்னிக்கு அவளுக்குப் பிரசவம்."

"அப்ப ஏத்தி விட்டாகணும்" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார். "வந்துருச்சு. சரின்னு வந்துருச்சு." பாஸைக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன், கழிப்பறை ஐந்து வரிசை தள்ளித்தான் என்றார்.

பெர்த் குடிநுழைவில் எனக்கு ஒரு நிமிடம், அம்மாவுக்குப் பதினைந்து. தனி அறைக்கெல்லாம் கூப்பிடவில்லை. இன்னோர் அதிகாரி வந்து பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். உணவுச் சாமான் எதுவும் இல்லை என்று எழுதியிருந்ததால் பரிசோதனை வரிசை சட்டென்று முடிந்தது. வெளியே அத்தானும் கவினும். கவின் தன் பாட்டியை அலைபேசியில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். நிஜத்தில் இவ்வளவு குள்ளமா என்று கேட்டான். "உங்கப்பன்தான் நெட்டையா வளந்துட்டான்" என்றார் அம்மா.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "நீ வந்துட்டல்ல" என்றாள். கவினுக்கு அம்மா தோசை ஊற்றினார். கடை மாவு சரியில்லை என்று மூன்று தடவை சொன்னார். 9.10க்கு அத்தான் அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து படம் அனுப்பினார். பெண் குழந்தை. அக்காவின் முகம் படத்தின் ஓரத்தில் இருந்தது, அவள் பக்கத்தில் அத்தானின் தோள் இருந்தது.

மத்தியானம் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தையைத் துணியில் சுற்றி அம்மாவின் மடியில் வைத்தார்கள். யார் சாயல் என்று எல்லாரும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு அத்தானிடம், "பதிஞ்சாச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல அத்தை. அறுபது நாள் டைம் இருக்காம்."

"டைம் இருக்குன்னுதான் எங்கப்பாவும் சொன்னாரு" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் காலைத் துணிக்குள் சரி செய்துகொண்டே சொன்னார்.

இனி இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. இடையில் இறங்கும் இடத்தில் நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு செய்தால் எங்களை மாதிரி ஓட வேண்டியிருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு வேறு ஆவணம் என்றால் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், கூடுதல் விலை அதற்குத் தகும். தனித்தனி டிக்கெட்தான் என்றால் பெட்டி வேண்டாம், இரண்டாவது பாஸை எங்கே தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட், ஆவணம், விசாக் கடிதம் மூன்றிலும் குடியுரிமை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கணினி நிறுத்திவிடும். சிவப்பு ஐசிக்காரர்கள் திரும்பிவரும் அனுமதியை வாங்காமல் விமானம் ஏறவே ஏறாதீர்கள். விதிகள் மாறும். என் பதிவை நம்பிப் போகாமல் உங்கள் தேதிக்கு நீங்களே கேளுங்கள்.

நான் பொறுமையான ஆள் கிடையாது, என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இந்த மூன்று நாளில் கணினிகள் எல்லாம் முடியாது என்றுதான் சொல்லின. நகர்த்தியது நான்கு பேர். அதில் ஒருவருக்கும் அம்மாவுக்காக மெனக்கெட வேண்டிய கட்டாயம் இல்லை. கக் ரொஹானாவுக்கு அதனால் கெடுதலே வந்திருக்கலாம். நன்றி என்று எழுதினால் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன், நன்றி.

இது செவ்வாய்க்கிழமை மாலை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவது. பக்கத்தில் மிக்ஸியில் சுக்கு அரைபடுகிறது. அடுத்து நான் செய்யப்போவது:

1. அம்மா திரும்பிவரும் டிக்கெட்டை ரத்து செய்து, கோலாலம்பூருக்கு நேரடி விமானமாக வாங்குவது. அங்கிருந்து ஈப்போவுக்கு நானே காரில் கூட்டிவருவேன், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி.

2. கக் ரொஹானா வேலை செய்யும் நிறுவனத்துக்கு அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதுவது. அவர் விதியை மீறவில்லை, விதிக்குள் வழி பார்த்தார் என்று தெளிவாக எழுத வேண்டும். யாரும் பின்னால் வந்து அவரைக் கேள்வி கேட்கக் கூடாது.

3. மூன்று குடியுரிமை விண்ணப்பங்களின் பிரதிகளையும் எடுத்து, நான்காவதை அனுப்புவது. அம்மா வேண்டாம் என்று சொல்லுவார். அனுப்புவேன்.

4. அக்காவுக்கு ஓர் உரல். இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

5. நாளைக் காலை குழந்தையின் பிறப்பைப் பதிவது. அக்காவும் அத்தானும் பெயர் விஷயத்தில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பசியாறுவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.